இசைத்தட்டின் கடைசி வரியில் ஒரு பெயர்: ‘பேண்ட் பாடகி’ என்றால் யார்?

1943-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏதாவது ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்திருந்தால், மூலையில் நிற்கும் ஜூக்பாக்ஸில் யாரோ காசு போட்டு ஓடவிட்ட பாட்டு ஒன்று காதில் விழுந்திருக்கும். ‘ஐ’வ் ஹேர்ட் தட் சாங் பிஃபோர்’. முன்பு எப்போதோ கேட்ட மெட்டைத் திரும்பக் கேட்டதும் பழைய காதல் நினைவுக்கு வருகிறது என்பதுதான் பாட்டின் பொருள். பில்போர்டு பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் அது 13 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அந்த இசைத்தட்டைக் கையில் எடுத்து, நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் பாருங்கள். பாட்டின் பெயர் இருக்கும். எந்த வகை நடனத்துக்கு ஏற்ற பாட்டு என்று இருக்கும். ‘ஹாரி ஜேம்ஸும் அவரது இசைக்குழுவும்’ என்று பெரிதாக இருக்கும். எல்லாவற்றுக்கும் அடுத்தபடியாக, கண்ணைச் சுருக்கிப் படிக்கவேண்டிய சின்ன எழுத்தில், பாடியவர் ஹெலன் ஃபாரஸ்ட் என்று இருக்கும்.

ஒரு நாடே மாதக்கணக்கில் முணுமுணுத்த பாட்டைப் பாடியவரின் பெயர் ஏன் அவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறது? இதற்குப் பதில் தெரியவேண்டுமானால் ‘பேண்ட் பாடகி’ என்ற வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு அப்படி ஒரு வேலையே கிடையாது. அதை நான் ஹெலன் ஃபாரஸ்டை வைத்தே விளக்கப் போகிறேன். அந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்தவர்கள் மிகக் குறைவு என்பது என் எண்ணம். அதன் எல்லையை நகர்த்திப் பார்த்தவரும் அவர்தான்.

முதலில் பிக் பேண்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நான்கைந்து சாக்ஸஃபோன், மூன்று நான்கு டிரம்பெட், இரண்டு மூன்று டிராம்போன், அவற்றோடு பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் என்று பதினைந்து பேர் அளவில் இருக்கும் இசைக்குழு அது. ஜாஸ் இசையை நடனத்துக்கு ஏற்றபடி வாசிப்பார்கள். அந்த நடையின் பெயர் ஸ்விங். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பாலோமர் நடன அரங்கில் பென்னி குட்மன் என்ற கிளாரினெட் கலைஞரின் குழுவுக்கு இளைஞர்கள் கொடுத்த வரவேற்பைத்தான் ஸ்விங் காலத்தின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அமெரிக்க வெகுஜன இசை என்றாலே இந்தக் குழுக்கள்தான்.

குழு, அதன் தலைவரின் பெயரால்தான் அறியப்படும். தலைவர் பெரும்பாலும் ஒரு வாத்தியக்காரர். குட்மனுக்கும் ஆர்ட்டி ஷாவுக்கும் கிளாரினெட், ஹாரி ஜேம்ஸுக்கு டிரம்பெட். விளம்பரத்தில் அவர் பெயர், வானொலியில் அவர் பெயர், இசைத்தட்டிலும் அவர் பெயர். ஜனங்கள் காசு கொடுத்து வருவது ஆடுவதற்கு. பாட்டில் வார்த்தை இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, தாளம் நன்றாக இருந்தால் போதும்.

அப்படியானால் பாடகிக்கு அங்கே என்ன வேலை? மேடை ஓரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். நல்ல உடை உடுத்திக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். தன் முறை வந்ததும் எழுந்துபோய் மைக் முன்னால் நின்று பாடுவார். முடிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். ஓர் இரவில் இதே போலப் பல தடவை எழுந்து உட்காரவேண்டும். நிகழ்ச்சி முடிந்தால் பேருந்தில் ஏறி அடுத்த ஊர். பேருந்து முழுக்க ஆண்கள், அவர்களுக்கு நடுவே பெரும்பாலும் இவர் ஒருத்தர்தான் பெண். வாரச் சம்பளம் உண்டு. ஆனால் இசைத்தட்டு எத்தனை லட்சம் விற்றாலும் அந்த விற்பனையில் பொதுவாகப் பங்கு கிடையாது.

இனி, பாட்டுக்குள் அவருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று பார்ப்போம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதியே இந்தக் கணக்குதான்.

அன்றைய 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டில், வழக்கமான பத்து அங்குல அளவில், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலாகத்தான் பதிவு செய்ய முடியும். அன்றைய பாடல்களின் முக்கியப் பகுதிக்குக் ‘கோரஸ்’ என்று பெயர். பலர் சேர்ந்து பாடுவதை நாம் கோரஸ் என்கிறோமே, அது வேறு. இந்தக் கோரஸ் பாட்டின் முழு மெட்டைக் குறிக்கும். பெரும்பாலும் அது 32 ஆவர்த்தனம், ஆவர்த்தனத்துக்கு நான்கு தட்டு. முதல் எட்டு ஆவர்த்தனத்தில் மெட்டு அறிமுகமாகும். அடுத்த எட்டில் அதே மெட்டு வேறு வரிகளோடு வரும். மூன்றாவது எட்டில் மெட்டு வேறு பக்கம் திரும்பும். கடைசி எட்டில் பழைய மெட்டுக்கே வந்து சேரும்.

32-ஐ நான்கால் பெருக்கினால் 128 தட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற நடன வேகத்தில் வாசித்தால் ஒரு கோரஸ் முடிய ஒரு நிமிடம் நான்கு விநாடி ஆகும். ஆக, ஒரு பக்கத்தில் கிட்டத்தட்ட மூன்று கோரஸ்கள் அடங்கும். முதல் கோரஸ் குழுவுக்கு. இரண்டாவது பாடகிக்கு. மூன்றாவது திரும்பவும் குழுவுக்கு. இதுதான் அன்றைய எழுதப்படாத சட்டம். மூன்று நிமிடப் பாட்டில் பாடகியின் பங்கு ஒரே ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் கோரஸை வாத்தியங்களுக்குத் தோதான சுருதியில் வாசித்துக்கொண்டு போவார்கள். பெண் குரலுக்கு அது ஒத்துவராது. அதனால் பாடகி எழுந்து வரும்போது குழு நான்கைந்து விநாடியில் ஒரு சின்னத் திருப்பம் வாசித்துச் சுருதியை மாற்றும். பழைய பதிவுகளில் குரல் நுழைவதற்குச் சற்று முன்னால் இசை ஒரு படி ஏறியோ இறங்கியோ நிற்பது கேட்கும். அதற்குக் காரணம் இதுதான். பாடகி அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, மாறிய சுருதியை அந்தக் கணமே பிடித்துக்கொண்டு, முதல் வார்த்தையிலேயே ஆளை உருக்கவேண்டும். மெதுவாகச் சூடேறி வருவதற்கெல்லாம் நேரம் கிடையாது.

ஹெலன் ஃபாரஸ்ட் இதில் கெட்டிக்காரர். அவர் கத்திப் பாடவே மாட்டார். நல்ல மைக்குகள் வந்த பிறகு, பதினைந்து வாத்தியங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருவர் காதோடு பேசுவது போலப் பாடவும் முடிந்தது. அந்த வசதியின் முழுப் பலனையும் எடுத்துக்கொண்டவர் அவர். ஒவ்வொரு சொல்லும் சுத்தமாகக் காதில் விழும். வரி முடிகிற இடத்தில் மூச்சு முடியாது. கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நீட்டி, அதன் மேலேயே அடுத்த வரியை ஏற்றிக்கொண்டு போவார். மெட்டை இஷ்டத்துக்கு மாற்றிப் பாடும் ஜாஸ் பாடகி அல்ல அவர். வரியின் பொருளைக் கேட்பவர் மனதில் இறக்கிவைப்பதுதான் அவருடைய திறமை.

அவர் பிறந்தது 1917-ல், கடலோர நகரமான அட்லாண்டிக் சிட்டியில். சொந்தப் பெயர் ஹெலன் ஃபோகல். யூதக் குடும்பம். மகள் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துபோனார். குடும்பம் பிறகு புரூக்ளினுக்குக் குடிபோனது. அம்மா மறுமணம் செய்துகொண்டார். அப்புறம் நடந்தவற்றை ஹெலன் தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அம்மாவும் மாற்றாந்தந்தையும் தாங்கள் வாழ்ந்த வீட்டையே பாலியல் தொழில் நடக்கும் இடமாக்கினார்கள். அங்கே அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை. அவருடைய பியானோ ஆசிரியை அவரைத் தன் குடும்பத்தோடு சேர்த்துக்கொண்டார். இந்தப் பெண்ணின் திறமை பியானோவில் இல்லை, குரலில் இருக்கிறது என்று கண்டுபிடித்து ஊக்கம் கொடுத்தவரும் அந்த ஆசிரியைதான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஹெலன் பாட்டுக்கு வந்தார். நியூயார்க் வானொலி நிலையங்களில் ‘பானி புளூ’, ‘புளூ லேடி’ என்றெல்லாம் வேறு வேறு பெயர்களில் பாடினார். ஃபோகல் என்ற பெயர் யூத அடையாளத்தைக் காட்டுகிறது என்று அதுவும் ஃபாரஸ்ட் ஆனது.

1938-ல் ஆர்ட்டி ஷாவின் குழுவில் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு பாடகி இருந்தார். ஜாஸ் உலகின் மாபெரும் பாடகிகளில் ஒருவரான பில்லி ஹாலிடே! வெள்ளையர் குழுவில் ஒரு கறுப்பினப் பாடகி நின்று பாடுவது அன்றைக்குப் பெரிய துணிச்சல். அவர் வேறு இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் ஷாவின் குழுவோடு ஒரே ஒரு பாட்டுதான் பதிவு செய்ய முடிந்தது. மேடையில் இரண்டு பேரும் பாடினார்கள், இசைத்தட்டில் ஹெலன் பாடினார். பயணங்களில் பில்லி ஹாலிடே பட்ட அவமானங்கள் கொஞ்சநஞ்சமல்ல. நியூயார்க்கிலேயே ஒரு விடுதியில் விருந்தினர் செல்லும் லிஃப்டில் அவரை ஏறவிடாமல், சாமான் ஏற்றும் லிஃப்டில் போகச் சொன்னார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் விலகிவிட்டார். ஹெலனின் பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம், பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்ததும் அது காலியானதும் எனக்கு நினைவுக்கு வரும்.

ஷாவோடு ஹெலன் முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தார். 1939 நவம்பரில் ஷா புகழின் மேல் வந்த வெறுப்பு தாங்காமல் குழுவை அப்படியே விட்டுவிட்டு மெக்ஸிகோவுக்குப் போய்விட்டார். அடுத்த மாதமே ஹெலன் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள். எடி சாட்டர் என்ற இளம் அரேஞ்சர் எழுதிய இசைக்கோர்ப்புகள் அவற்றில் பலவற்றை இன்றும் புதிதாக ஒலிக்க வைக்கின்றன. ஆனால் ஹெலனுக்கு அந்தக் காலம் பிடிக்கவே இல்லை. தான் பாடிக்கொண்டிருக்கும்போதே குட்மன் பின்னால் கிளாரினெட்டில் எதையாவது ஊதிக்கொண்டிருப்பார் என்று பிற்காலத்தில் வருத்தப்பட்டுச் சொன்னார். அங்கே இருந்த இருபது மாதமும் இருபது வருடம் போல இருந்ததாம். 1941 ஆகஸ்டில் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் பெக்கி லீ. அவர் பின்னாளில் தன் பெயரிலேயே பெரும் நட்சத்திரம் ஆனார்.

சரி, இப்போது இந்தக் கதையின் மையத்துக்கு வருகிறேன்.

ஹெலன் அடுத்ததாகத் தேடிப் போனது ஹாரி ஜேம்ஸை. ஹாரியின் டிரம்பெட்டில் யூத இசையின் நெகிழ்வு இருப்பதாக அவருக்குத் தோன்றியது, தன் குரலுக்கு அது பொருந்தும் என்று நினைத்தார். ஹாரிக்கு முதலில் அவ்வளவு விருப்பமில்லை. மென்மையாகப் பாட ஏற்கெனவே டிக் ஹேம்ஸ் என்ற பாடகர் குழுவில் இருந்ததால், துள்ளலாகப் பாடுகிற ஆள்தான் வேண்டும் என்று நினைத்திருந்தார். குழுவின் மேலாளர் ஹெலனை ஒத்திகைக்கு வரச் சொன்னார். பாடிக் கேட்டதும் குழுவில் இருந்தவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, இவர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஹாரியும் ஒப்புக்கொண்டார்.

ஹெலன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சம்பளம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், பாட்டை நான் தொடங்கவேண்டும், நானே முடிக்கவேண்டும்.

மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். நடுவில் எழுந்து ஒரு நிமிடம் பாடிவிட்டு உட்காருவது தான் சட்டம் என்று இருந்த காலம் அது. பாட்டு முழுவதையும் பாடகியைச் சுற்றி அமையுங்கள் என்கிறார் இவர். ஹாரி ஜேம்ஸ் அதைப் பெரிய அளவில் செய்து கொடுத்தார். 1941-ல் குழுவில் வயலின் முதலான தந்தி வாத்தியங்களைச் சேர்த்திருந்தார். அந்தத் தந்திகள் ஹெலனின் குரலுக்கு அடியில் மெத்தை போல விரிந்தன. டிரம்பெட்டும் தனியாக வித்தை காட்டாமல், குரல் விட்ட இடத்தில் தொட்டுப் பதில் சொன்னது. ஒரு பாடகி எப்படி வளரவேண்டுமோ அப்படித் தன்னை வளரவிட்டவர் ஹாரி என்று ஹெலன் கடைசிவரை நன்றியோடு சொல்லிவந்தார்.

பலன் உடனே தெரிந்தது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தது, அமெரிக்கா போரில் இறங்கியது. அதே மாதம் ஹெலன் பதிவு செய்த பாட்டு ‘ஐ டோன்ட் வான்ட் டு வாக் வித்தவுட் யூ’. நீ இல்லாமல் நடக்கவே பிடிக்கவில்லை என்கிற இந்தப் பாட்டு, ஆண்களைப் போருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த வீடுகளில் என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1942-ல் அது முதலிடத்துக்குப் போனது. அப்புறம் ‘ஐ ஹேட் த க்ரேஸியஸ்ட் ட்ரீம்’ வந்தது. ‘ஸ்பிரிங்டைம் இன் த ராக்கீஸ்’ என்ற படத்திலும் அதை ஹெலன் திரையில் தோன்றிப் பாடினார். டவுன்பீட் இசைப் பத்திரிகையின் வாசகர்கள் 1942, 1943 இரண்டு ஆண்டுகளிலும் அவரையே சிறந்த பாடகியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

தொடக்கத்தில் சொன்ன 13 வாரப் பாட்டுக்கும் ஒரு பின்கதை உண்டு. வானொலியும் ஜூக்பாக்ஸும் இசைத்தட்டுகளையே ஓடவிட்டதால், நேரில் வாசித்துப் பிழைத்துவந்த கலைஞர்கள் வேலை இழந்தார்கள். இசைத்தட்டு நிறுவனங்கள் இதற்கு ஈடு தரவேண்டும் என்று இசைக்கலைஞர்கள் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ கேட்டார். நிறுவனங்கள் மறுத்தன. 1942 ஆகஸ்ட் 1 முதல் சங்க உறுப்பினர் எவரும் பதிவுக்கு வாசிக்கக்கூடாது என்று அவர் அறிவித்துவிட்டார். நிறுவனங்கள் ஜூலை முழுக்க அவசர அவசரமாகப் பதிவு செய்து சேமித்து வைத்தன. ‘ஐ’வ் ஹேர்ட் தட் சாங் பிஃபோர்’ பதிவானது ஜூலை 31 அன்று. ஒரு நாள் தள்ளிப்போயிருந்தால் அந்தப் பதிவே கிடையாது.

இந்த வேலைநிறுத்தம்தான் பாடகர்களின் தலைவிதியை மாற்றியது. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. அதனால் வாத்தியமே இல்லாமல், பின்னணியில் சிலரை ‘ஊ’ என்று பாடவைத்துக்கொண்டு அவர்கள் பதிவைத் தொடர முடிந்தது. டிக் ஹேம்ஸ் 1943-ல் அப்படிப் பாடியே முதலிடம் பிடித்தார். இன்னொரு பக்கம், புதிய பதிவு இல்லாத நிறுவனங்கள் பழையவற்றைத் தூசி தட்டி எடுத்தன. 1939-ல் ஹாரி ஜேம்ஸ் குழுவில் ஃபிராங்க் சினாட்ரா என்ற புதுப் பையன் பாடி, அவ்வளவாக விற்காமல் போன இசைத்தட்டு ஒன்றை 1943-ல் திரும்ப வெளியிட்டார்கள். அதே பதிவு, அதே குரல். ஆனால் காகிதத்தில் சினாட்ராவின் பெயர் மேலே வந்தது, ஹாரி ஜேம்ஸ் பெயர் கீழே போனது. அந்தத் தடவை அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பெயர்கள் இப்படி இடம் மாறியதைத்தான் நான் பேண்ட் காலம் முடியத் தொடங்கியதற்கான அடையாளமாகப் பார்க்கிறேன்.

ஹெலனும் 1943 இறுதியில் ஹாரியின் குழுவை விட்டு வெளியே வந்தார். சொந்தக் காரணமும் இருந்தது. இருவருக்கும் இடையே காதல் இருந்ததை ஹெலன் பின்னால் வெளிப்படையாகவே எழுதினார். அந்த ஜூலையில் ஹாரி நடிகை பெட்டி கிரேபிளைத் திருமணம் செய்துகொண்டார். தனியாக வந்த ஹெலனுக்கு முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. டிக் ஹேம்ஸோடு சேர்ந்து பாடிய ஜோடிப் பாடல்கள் நன்கு விற்றன. ஹேம்ஸின் வானொலி நிகழ்ச்சியில் சில ஆண்டுகள் வாராவாரம் அவர் குரல் கேட்டது.

அப்புறம் காலம் மாறிவிட்டது. போர் முடிந்தது. 1946 டிசம்பரில் சில வாரங்களுக்குள் குட்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்ஸி உட்பட எட்டுப் புகழ்பெற்ற தலைவர்கள் தங்கள் குழுக்களைக் கலைத்தார்கள். 1948-ல் லாங் பிளே இசைத்தட்டு வந்தது, 1950-களில் எங்கும் பரவியது. பன்னிரண்டு பாடல்கள், அட்டை முழுக்கப் பாடகரின் படம், பெரிய எழுத்தில் பெயர். சினாட்ரா, பெக்கி லீ, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், டோரிஸ் டே எல்லோருமே பேண்ட் நாற்காலியில் இருந்து எழுந்து வந்தவர்கள்தான். அவர்களை இன்றும் நினைவில் வைத்திருக்கிறோமென்றால் முக்கியக் காரணம் அந்த அட்டைகள். ஹெலனின் உச்சம் அதற்கு முன்பே வந்து போய்விட்டது. அவருடைய மிகச் சிறந்த பாடல்கள் ஷா, குட்மன், ஜேம்ஸ் என்று மூன்று தலைவர்களின் பெயருக்கு அடியில் சிதறிக் கிடக்கின்றன. கடையில் தேடினாலும் இணையத்தில் தேடினாலும் முதலில் அவர்கள் பெயர்தான் வரும். திறமைக் குறைவால் அவர் மறக்கப்படவில்லை. பெயர் எழுதிய விதம் அப்படி.

அவர் பாடுவதை நிறுத்தவில்லை. 1955-ல் ஹாரி ஜேம்ஸோடு சேர்ந்து பழைய பாடல்களைப் புதிய ஒலித்தரத்தில் திரும்பப் பதிவு செய்தார். 1980-ல் பக்கவாதம் வந்தது. தேறி வந்து சுயசரிதை எழுதினார், 1983-ல் ஒரு புதிய தொகுப்பும் பாடிக் கொடுத்தார். முடக்குவாதம் முற்றிய பிறகுதான் மேடையை விட்டார். 1999 ஜூலை 11 அன்று, 82 வயதில், லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் மூன்று பதிவுகளை இந்த வரிசையில் கேட்கலாம். ஷா குழுவின் ‘ஆல் த திங்ஸ் யூ ஆர்’, குட்மன் குழுவின் ‘த மேன் ஐ லவ்’, கடைசியாக ஜேம்ஸ் குழுவின் ‘ஐ ஹேட் த க்ரேஸியஸ்ட் ட்ரீம்’. பக்கத்தில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, குரல் எந்த விநாடியில் நுழைகிறது, எந்த விநாடியில் விலகுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை கேட்கும்போது கடிகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, அவர் வாய் திறக்கும்போது பின்னால் இருக்கும் வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்.